குரல் பொருத்தம்

ஜாதகம் பார்க்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஈரோட்டில் இன்றைக்கும் ஜாதகம் பார்க்கத்தான் செய்கிறார்கள். கூடவே இன்னொன்றையும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பத்துப் பொருத்தமும் கூடிவந்த பிறகு, கடைசியாகக் குரல் பொருத்தம். அது தட்டிப்போனால் சம்பந்தமே தட்டிப்போனதுதான்.

தலையில் ஒரு பட்டையை மாட்டி, மனசுக்குள் நாம் நமக்கே பேசிக்கொள்வதை ஒலிபெருக்கியில் கேட்க வைக்கிற கருவி அது. மன உளைச்சலில் தவிக்கிறவர்களுக்கு உள்ளே எந்தக் குரல் கிடந்து குடைகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் அடக்கி வைப்பதற்காக யாரோ புண்ணியவான்கள் செய்தது. நம் ஆட்கள் கையில் கிடைத்தால் சும்மா விடுவார்களா? பெண் பார்க்கிற கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பக்கம் காபி பலகாரம், இன்னொரு பக்கம் ஒலிபெருக்கி. பெண்ணுக்குத் தலையில் பட்டை. மாப்பிள்ளைக்கு? "ஆம்பளப் பையன் மனசுல ஆயிரம் ஓடும், அதையெல்லாம் கேட்டுட்டு உக்காந்திருக்க முடியுங்களா?" என்று தரகர் சிரித்து மழுப்பிவிடுவார். எல்லோரும் கூடச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் தண்டபாணியும் ஒருவர்.

தண்டபாணிக்குப் பிரப் ரோட்டில் பைப், ஃபிட்டிங்ஸ் விற்கிற கடை. ஒரே மகள், இளவெயினி. ஒரு தனியார் பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் வேலை. பார்க்க லட்சணமாக இருப்பாள், கைநிறையச் சம்பளம், ஜாதகத்திலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டையை மாட்டினால் போதும், காரியம் கெட்டுவிடும்.

அவளுக்குள் ஆறு குரல்கள். ஐந்து குரல்கள் தங்கமானவை. பொறுப்பாக ஒன்று, பயந்த சுபாவமாக ஒன்று, கணக்குப் பார்க்கிறது ஒன்று, விளையாட்டுப் புத்தியாக ஒன்று, எல்லோர் மீதும் உருகி உருகிப் பிரியம் வைக்கிறது ஒன்று. கேட்கிறவர்கள் தலையாட்டி ரசிப்பார்கள். பிறகு ஆறாவது வாயைத் திறக்கும். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் அது இப்படித்தான் திறந்தது:

"காபி குடுத்த அம்மாவ ஒருத்தராச்சும் நிமிந்து பாத்தாங்களா? அந்தப் பெரிய மீசை பேசறப்பெல்லாம் அவரு பொண்டாட்டி தலையக் குனிஞ்சுக்கறாங்க. இந்த வீடு வேண்டாம். எந்திரிச்சு உள்ள போ."

பெரிய மீசைக்காரர் கையில் எடுத்த லட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். வந்தவர்கள் காரில் ஏறியதும் தண்டபாணி மகள் மீது பாய்ந்தார்.

"உனக்கு எதுலதான் திருப்தி? வர்றவன் எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னா நாங்க எங்க போயி முட்டிக்கறது?"

"நான் வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசுனனாப்பா? மனசுக்குள்ள நெனைக்கறதுக்குமா கணக்குக் கேப்பீங்க?" என்றாள் வெயினி.

வீட்டில் அந்தக் குரலுக்கு வாயாடி என்று பெயர் விழுந்தது. அம்மா சுகந்திதான் வைத்தாள். யோசனையும் அவளுடையதுதான். "செவ்வா தோசத்துக்குப் பரிகாரம் பண்றதில்லைங்களா? அதாட்டம் நெனைச்சுக்கங்க. அந்த வாயாடிய மட்டும் அடக்கி வெச்சுட்டா அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். ஊருல பாதிப் பேரு பண்றதுதானுங்க."

பாதிப் பேர் செய்கிறார்களோ இல்லையோ, தண்டபாணிக்கு அந்தப் பேச்சு இனித்தது. மகளிடம் அவர் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. "எனக்காக இது ஒண்ணு பண்ணு கண்ணு," என்றார். அதைவிடப் பெரிய மிரட்டல் வேறென்ன இருக்கிறது?

*

பெருந்துறை ரோட்டில் இருந்த அந்தக் குரல் மையத்தில் பர்வீன் என்ற பெண்தான் எல்லாம் பார்த்துக்கொண்டாள். வெயினிக்கு ஒரு நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் விளக்கிச் சொல்ல வேண்டியது தன் கடமை என்றாள்.

"மனசுன்னா உள்ள ஒரே ஆள் உக்காந்திருக்கறதா நெனைக்கிறோம் சார். அப்படி இல்ல. ஒரு சேலை எடுக்கப் போறோம். நல்லாருக்குங்குது ஒண்ணு, வெல ஜாஸ்திங்குது இன்னொண்ணு, அம்மா திட்டுவாங்கங்குது மூணாவது. அவங்க பேசி முடிக்கறதத்தான் நாம 'நான் முடிவு பண்ணினேன்'னு வெளிய சொல்லிக்கறோம். ஒருத்தர அடக்கி வெச்சா மீதிப் பேரு கூடிப் பேசுவாங்க. பேச்சு நடக்கும், முடிவும் வரும். ஆனா அது வேற முடிவா இருக்கும்."

"மறுபடி வரவைக்கலாங்ளா?" என்று கேட்டார் தண்டபாணி.

"வரவைக்கலாம். நாங்க அழிக்கறதில்ல. ஆனா அடக்கறதுக்கும் சரி, திரும்ப எழுப்பறதுக்கும் சரி, சட்டம் ஒண்ணுதான். உள்ள இருக்கறவங்கள்ல பெரும்பான்மை சம்மதிக்கணும். அவங்க வேண்டாம்னுட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

வரவைக்கலாம் என்கிற வார்த்தையோடு தண்டபாணியின் காது அடைத்துக்கொண்டது. மீதியை அவர் கேட்டாரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

வெயினி பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து குரல்களும் ஒவ்வொன்றாகச் சம்மதித்தன. அப்பாவுக்காக என்றது பிரியம். ஊர் வாயை அடைக்க என்றது பொறுப்பு. பர்வீன் ஆறாவதைக் கேட்பதற்குள் வெயினியே திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"அவ உங்ககிட்ட ஏதோ பேசணுங்கறாப்பா. கேக்கறீங்களா?"

"அந்த வாயாடிகிட்ட நான் என்னத்தப் பேசறது?" என்று எழுந்துகொண்டார் தண்டபாணி.

"நீங்கதான் வாயாடிங்கறீங்க. மத்தவங்களுக்கெல்லாம் நான் பேரு வெச்சிருக்கறேன். அவளுக்கு வெச்சதில்ல. அவதான் நான்னு நெனைச்சுட்டிருந்தேன்."

தண்டபாணி வாசல் வரை போய் ஒருமுறை நின்றார். ஆனாலும் வெளியே போய், வரவேற்பறையில் மீன்தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒலிபெருக்கியில் ஏதோ பேச்சு கேட்டது. அவர் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது.

*

முதலில் எல்லாம் தேன் குடித்த மாதிரிதான் இருந்தது. திருப்பூரிலிருந்து ஒரு பெரிய இடம் வந்தது. பின்னலாடை ஏற்றுமதி செய்கிற குடும்பம், மாப்பிள்ளை பெயர் ரித்விக். அவன் அம்மா கோமதி ஒலிபெருக்கியில் ஐந்து குரல்களையும் கேட்டுவிட்டு, "மகாலட்சுமியாட்டம் இருக்குது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டு மாற்றுகிற பேச்சு வரைக்கும் அன்றைக்கே வந்துவிட்டது.

வீட்டில் சண்டை என்பதே இல்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் சரிம்மா, கூட இருந்தாலும் சரிம்மா. "இப்பத்தான் என்ற பொண்ணு பொண்ணாட்டம் இருக்கறா," என்று சுகந்தி பூரித்துப்போனாள். தண்டபாணிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவருக்குள் இருந்த ஒரு ஆள் மட்டும் சந்தோஷப்பட மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். நாற்காலியில் சாய்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான். புள்ள உன்கிட்டப் பேசணும்னாளே, நீ மீன் பாக்கப் போயிட்டியே. என்ன சொல்லியிருப்பா? தண்டபாணி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

ஒருநாள் பால் பண்ணையின் மேலாளர் வால்வு வாங்கக் கடைக்கு வந்தார். வந்தவர் சும்மா இல்லாமல் வெயினியைப் புகழ்ந்து தள்ளினார். "முன்னெல்லாம் உங்க பொண்ணு கைல மாட்டாத லாரி கிடையாதுங்க. இது சரியில்ல, அது சரியில்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. இப்ப ஒண்ணுகூடத் திரும்பறதில்ல. நல்லா அனுசரிச்சுப் போறாங்க."

சாயங்காலம் மகள் வந்ததும் தண்டபாணி மெதுவாக விசாரித்தார்.

"பாலெல்லாம் சுத்தமா வருதா கண்ணு?"

"இந்த வாரம் வந்ததுல புளிப்புத் தெரியாம இருக்கச் சோடா உப்புக் கலந்திருந்துச்சுப்பா. சோதனைல தெரிஞ்சுது."

"அப்பறம்?"

"மேனேஜர் விட்ரலாம்னாரு. சரின்னு விட்டுட்டேன்."

"குழந்தைங்க குடிக்கற பாலாச்சே சாமி!"

"ஆமாப்பா," என்றாள் வெயினி. முகத்தில் வருத்தம்கூட இருந்தது. "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா விடாதேன்னு யாரும் சொல்லல."

அன்றைக்குத் தண்டபாணி வீட்டுக் காபியைத் தொடவில்லை.

*

நிச்சயதார்த்தம் திருப்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சடங்கெல்லாம் முடிந்து, பெண்ணுக்கு மாமியார் பால் கொடுக்கிற நேரம். கோமதி வெள்ளி டம்ளரைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்தபடி கொண்டுவந்து வெயினியின் உள்ளங்கையில் வைத்தார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பால்.

"போட்டோ எடுக்கட்டும் கண்ணு, அதுவரைக்கும் கீழ வெச்சராத," என்றார் கோமதி.

வெயினி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போட்டோக்காரன் பெரியவர்களை ஓரமாக நகர்த்தினான், விளக்கைத் திருப்பினான், சித்தப்பா ஒருவரைத் தேடிப் பிடித்து வந்து நிறுத்தினான். அவள் சிரித்த முகமாகவே நின்றாள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். தண்டபாணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் டம்ளரைப் பிடுங்கினார். அவர் விரல் பொத்துப்போயிற்று. அவள் உள்ளங்கையில் தோல் வெளுத்துக் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"சுடலையா கண்ணு?" என்று பதறினார்.

"சுட்டுச்சுப்பா. ரொம்பச் சுட்டுச்சு. அத்தை வெக்க வேண்டாம்னாங்க."

"அய்யோ, நான் கவனிக்கலையே சம்பந்தி!" என்று கோமதி ஓடி வந்து கையில் எண்ணெய் தடவினார். தடவிக்கொண்டே சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, "எத்தன பொறுமை பாருங்க! இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளய எங்க தேடறது!" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

மாப்பிள்ளை ரித்விக் அவள் கையைத் தன் கையில் வாங்கிப் பார்த்தான். கட்டைவிரலைக் கொப்புளத்தின் மேல் வைத்து லேசாக அழுத்தினான். அழுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அப்போதும் அவள் சிரிக்கவே, அவன் முகத்தில் மெல்ல ஒரு சந்தோஷம் பரவியது. புதுச் சாமான் வாங்கினவன் பொத்தானெல்லாம் அமுக்கிப் பார்க்கிற சந்தோஷம்.

அதைத் தண்டபாணி பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிக் குதித்தார். சுகந்தி அவர் வாயைப் பொத்தினாள். "பையன் ஆசையாக் கையப் புடிச்சதுக்கு இத்தன ஆர்ப்பாட்டமா? உங்களுக்குப் பித்து கித்துப் புடிச்சுப்போச்சுங்களா? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு."

தண்டபாணி மகளிடம் போனார். "கல்யாணத்த நிறுத்திரலாமா கண்ணு? நீ ஒரு வார்த்தை சொல்லு போதும்."

"நீங்க நிறுத்தலாங்கறீங்க. அம்மா வேண்டாங்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு சொல்லுங்கப்பா. எனக்கு எதுன்னாலும் சரி."

அவருக்குள் இருந்தவன் காறித் துப்பினான். இவன நிறுத்துனா இன்னொருத்தன் வருவான். அவனும் அழுத்திப் பாப்பான். அடுத்த வீட்டுக்காரன் வந்து கையப் புடிச்சாலும் இவ சிரிப்பா. கல்யாணத்த நிறுத்தி என்ன பண்ணப் போற? போ. போயி அவளக் கூட்டிட்டு வா.

*

மறுபடியும் குரல் மையம். சுகந்தி முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள். வெயினி கையில் கட்டுப் போட்டிருந்தாள். பர்வீன் கட்டைப் பார்த்தாள், தண்டபாணியின் முகத்தைப் பார்த்தாள். பட்டையை மாட்டினாள்.

"ஆறாவது குரல மறுபடி எழுப்பலாமான்னு உங்கப்பா கேக்கறாரு. ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

கணக்கு முதலில் பேசியது. "அவ வந்தா கல்யாணம் நின்னுரும். வேண்டாங்க."

"அவ இருந்தப்ப வீட்டுல ஒரே சண்டை," என்றது விளையாட்டு. "இப்பத்தான் ஜாலியா இருக்குது. வேண்டாம்."

பொறுப்பு, அப்பாவின் மானம் போய்விடும் என்றது. மூன்று போயிற்று. தண்டபாணி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பயமாவது வேண்டும் என்று கேட்கும் என நம்பினார். பயத்துக்குத் தெரியாதா?

"எனக்கு மாப்பிள்ளையப் பாத்தா நடுங்குதுங்க," என்றது பயம். சின்னப் பெண்ணாக இருந்தபோது வெயினி இடிச்சத்தம் கேட்டு அவர் மடியில் வந்து ஒண்டுவாளே, அந்தக் குரல். "நெஜமாவே நடுங்குது. ஆனா இவ வந்து எதித்துப் பேசுனா அவருக்கு இன்னும் கோவம் வருமே. வேண்டாங்க. இப்படியே இருந்துக்கறேன்."

கடைசியாகப் பிரியம். "அப்பாவுக்கு நாங்க இப்படி இருக்கறதுதானே புடிக்கும்," என்றது அது. "அவரே ஆசைப்பட்டுக் கேட்டாரு. அப்பறம் எதுக்குங்க அவ?"

"நான் சொல்றேன், எழுப்பும்மா!" என்று கத்தினார் தண்டபாணி. "பெத்தவன் சொல்றேன்! நான்தான் தப்புப் பண்ணீட்டேன், நான்தான் அடக்கச் சொன்னேன், நானே எழுப்பச் சொல்றேன்!"

"நீங்க சொல்லி அடக்கலைங்க சார்," என்றாள் பர்வீன். "அவங்கதான் சம்மதிச்சாங்க. இப்பவும் அவங்கதான் சொல்லணும். இதுல நான் கை வெச்சா என்னைத் தூக்கி உள்ள போட்ருவாங்க."

தண்டபாணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைக்காரர், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர், அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார். வெயினி பட்டையைக் கழற்றிவிட்டு வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"அப்பா சரியாச் சாப்படறதே இல்லீங்க மேடம்," என்றாள். குரலில் உண்மையான கவலை. "படுத்தாத் தூக்கமும் வர்றதில்ல. தனியா உக்காந்து எதையோ நெனைச்சு நெனைச்சு அழறாரு. அவருக்குள்ள யாரோ அவரப் போட்டுப் படுத்தறாங்க. பாக்கப் பாவமா இருக்குது. அவரையும் ஒருதடவை பாக்கறீங்களா?"

"ஆமாங்க," என்று சுகந்தியும் சேர்ந்துகொண்டாள். "கல்யாண வேலை மலையாட்டம் கெடக்குது. இவரு இப்படி இடிஞ்சு உக்காந்தா நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

"சார் விருப்பம்," என்றாள் பர்வீன் தயங்கித் தயங்கி. "வேண்டாம்னா விட்ரலாம்."

தண்டபாணி வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சட்டென்று ஒரு நினைப்பு ஓடியது. தான் வாயால் சொன்னது எதுவும் மகள் மனசில் ஏறவில்லை. உள்ளே கிடந்து துடிக்கிறவன் நேரடியாகப் பேசினால்? ஒலிபெருக்கியில், அவன் குரலிலேயே, அவன் படுகிற பாட்டோடு கேட்டால் அவளுக்குள் ஏதாவது ஒன்று அசையாதா? கல்லா அவள்? அவர் எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டையை அவரே எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"கேளு கண்ணு," என்றார். "நல்லாக் கேளு."

பர்வீன் பொத்தானை அழுத்தினாள். தண்டபாணியின் குரல் அறைக்குள் கேட்டது. ஆனால் முதலில் வந்தவன் அவர் எதிர்பார்த்தவன் இல்லை.

"ஊரெல்லாம் சொல்லியாச்சு. இனி நிறுத்துனா தலை நிமிந்து நடக்க முடியுமா? சுகந்தி சொல்றபடி விட்டுட்டுப் போ."

அடுத்தவன் கொட்டாவி விட்டான். "எனக்கு ஒரு நாளாச்சும் நிம்மதியாத் தூங்கணும். அவ்வளவுதான். யார வேணா அடக்கிக்கங்க."

"நம்ம கைல என்ன இருக்குது?" என்றான் மூன்றாமவன். "எல்லாம் நடக்கறபடி நடக்கும். எனக்கும் சரீங்க."

இத்தனை பேர் இவ்வளவு நாளாக எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? தண்டபாணி பட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. வேண்டாம், நான் பேசணும், அவ கேக்கணும் என்று உள்ளே துடிக்கிறவனே தடுத்தான். அப்புறம் அவன் பேசினான். பேச்சா அது, ஓலம்.

"எம்புள்ளயக் குடுத்துருங்க! எனக்கு இந்த 'சரிப்பா' வேண்டாம். என்கூடச் சண்டை போடுவாளே, அவளக் குடுத்துருங்க! கண்ணு, வெயினி, அவன் உன்ற கையப் போட்டு அழுத்துனானே, நான் பாத்தேனே! எந்திரிச்சு ஓடு சாமி! ஓடு!"

சுகந்தி காதைப் பொத்திக்கொண்டாள். பர்வீன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வெயினி மட்டும் ஒலிபெருக்கியின் பக்கத்தில் போய்க் குனிந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது. தண்டபாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு மகள் முகத்தையே பார்த்தார்.

அவள் நிமிர்ந்தாள். அப்பாவின் தலையை ஆதரவாகத் தடவிக் கொடுத்துக்கொண்டே ஒலிபெருக்கியைக் காட்டினாள்.

"இவருதாங்க மேடம்," என்றாள்.